கைருன்னிஸா வந்தால்தான் படம் வரும்

சாய்ந்தமருது கைருன்னிஸாவுக்காக இந்த உலகத்தில் எதுவும் காத்திருந்ததில்லை. முப்பத்தேழு வயது வரைக்கும் அப்படித்தான். அவள் கையைக் காட்டினால் பஸ் வேகமெடுக்கும். அவள் கடைக்குப் போய்ச் சேரும்போது பாண் முடிந்திருக்கும். குடும்பப் படங்களில் யாரோ ஒரு மாமியின் தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணும் அரைப் புருவமுமாக இருப்பாள். அவளுடைய கல்யாணம்கூட, அவள் உள்ளறையில் வளையலைச் சரிசெய்துகொண்டிருந்தபோது வெளியே முடிந்துவிட்டது. "முடிஞ்சிட்டு புள்ள, சோறு வெக்கப் போறாங்க" என்று ஒருத்தி வந்து சொல்லித்தான் தனக்குப் புருஷன் வந்துவிட்ட செய்தி அவளுக்குத் தெரிந்தது.

அந்தப் புருஷன் மீராமுகைதீன். ஓட்டோ ஓட்டுபவர். நல்ல மனிதர், ஆனால் அவருடைய ஓட்டோவுக்குப் பின்னால் வரும் சைக்கிள்காரர்கள் மணியடித்து வழி கேட்பார்கள்.

கடல் ஊருக்குள் வந்து போன வருசம் அவர்களுடைய சமையலறையும் கிணற்றுக்கட்டும் இல்லாமல் போயின. பக்கத்து வளவுகளில் ஆட்களே இல்லாமல் போனார்கள். கைருன்னிஸா அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் கரையோரம் முழுக்கக் கிணறுகள் உப்பாகிக் கிடந்தபடியால் கல்முனையில் 'கரையோரக் கிணற்றுநீர்த் திட்டம்' என்று ஒரு கந்தோர் திறந்தார்கள். அங்கே அவளுக்குக் கடிதம் தட்டச்சு செய்கிற வேலை கிடைத்தது. வருகிற கடிதங்களைத் திறப்பது, பதிவது, பதில் அடிப்பது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு தொடக்கம் அது.

கந்தோருக்குப் பொறுப்பாக இருந்தவர் காரைதீவு செல்லத்தம்பி. முன்பு விஞ்ஞான வாத்தியார். எதையும் நோக்கம், செய்முறை, அவதானம், முடிவு என்று நான்கு தலைப்பில் எழுதினால்தான் அவருக்கு விளங்கும். வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி கூடினாலும் அப்படித்தான் முறைப்பாடு செய்வாராம். தாளவெட்டுவான் சந்தியிலிருந்து வரும் இமக்குலேற் என்ற பிள்ளை ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்து வந்து உப்பு அளந்து, கணக்கைக் கணினியில் ஏற்றுவாள். அந்த எண்களை வைத்து ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோடு கீறி, எல்லாக் கோடுகளையும் ஒரே படமாக்குவதற்கு, பின்னறையில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி இருந்தது. சேர்வர் என்பார்கள். காலை ஒன்பதரைக்கு அது படம் கீறும். படம் கொழும்புக்கும் போகும், கந்தோர் வாசல் பலகையிலும் ஏறும். கோடு கீழே இறங்கினால் உப்புக் குறைகிறது என்று அர்த்தம். சனம் வந்து நின்று பார்க்கும். "எங்கட கோடு இறங்கிட்டு, உங்கட இன்னும் மேலதான் கிடக்கு" என்று ஊர் ஊராகப் பெருமை பேசிக்கொள்ளும்.

இந்தப் பெட்டியைப் பொருத்தித் தந்தவன் கிளெய்டன் என்ற பொறியியலாளன். கெட்டிக்காரன். ஒரே குறை, கட்டாரில் வேலை கிடைத்து அடுத்த நாள் விமானம் ஏற இருந்தான்.

அவன் அவசரத்தில் செய்த காரியத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கந்தோரில் இருந்தவர்களுக்கு அது தெரிய மூன்று வருசம் ஆனது. நீங்களும் அவ்வளவு காலம் இருக்கத் தேவையில்லை.

பின்னறைப் பெட்டி யுனிக்ஸ் வகையைச் சேர்ந்தது. அதற்குத் திரை கிடையாது. ஒரு மூலையில் தன்பாட்டில் வேலை செய்யும் பெட்டிக்கு என்னத்துக்குத் திரை? ஆனால் படம் கீறும் நிரல் ஜாவாவில் எழுதப்பட்டது. அதற்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாரும் நேரில் பார்க்கப் போவதில்லை, படத்தைக் கோப்பில்தான் சேமிக்கப் போகிறோம் என்றாலும், முதற்கோட்டைக் கீறமுன் "திரை எங்கே?" என்று கேட்கும். திரை கிடைக்காவிட்டால் கையை விரித்துவிடும். திரையின் விலாசத்தை எழுதுவதற்கென்று பெட்டிக்குள் ஓர் இடம் உண்டு. கிளெய்டன் அதில், அப்போது பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த ஒரு கணினியின் விலாசத்தை எழுதினான். அந்தக் கணினியில் 'நான்தான் திரை, வாருங்கள்' என்று சொல்கிற ஒரு சின்ன நிரலையும் போட்டான். கணினி எழும்பும்போது அதுவும் எழும்பும். திரையின் கீழ்மூலையில், ஆங்கில எக்ஸ் எழுத்துப் போல ஒரு சின்னக் குறுக்குக் கோட்டு அடையாளம், அவ்வளவுதான் அதன் உருவம். படம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மாற்றிவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தவன் மாற்றாமலே விமானம் ஏறிவிட்டான்.

அந்தக் கணினி கைருன்னிஸாவுடையது.

முதல் தடவை அவளுக்குக் காய்ச்சல். அன்று படம் வரவில்லை. பலகையில் ஏற்றுவதற்கு வெறும் வெள்ளைத்தாள்தான் கிடைத்தது. அடுத்த நாள் அவள் வந்தாள், படமும் வந்தது. இரண்டாம் தடவை அக்கரைப்பற்றில் அவளுடைய தங்கச்சிக்குப் பிள்ளைப்பேறு. மூன்று நாள் லீவு, மூன்று நாளும் வெள்ளைத்தாள். கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் தொலைபேசியில் என்னென்னவோ செய்யச் சொன்னார். செல்லத்தம்பி பெட்டியை நிறுத்தி எழுப்பினார், வயர்களைக் கழற்றிப் பூட்டினார், கடைசியில் ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தார். நாலாம் நாள் கைருன்னிஸா பிள்ளைப்பேற்று மருந்துச் சாப்பாட்டு வாசத்தோடு வந்து கதிரையில் இருந்தாள். ஒன்பதரைக்குப் படம் பளிச்சென்று வந்தது.

"இது அக்காட ராசி சேர்" என்றாள் இமக்குலேற். "வேற ஒண்டுமில்ல."

"ராசி எண்டு விஞ்ஞானத்தில ஒண்டும் இல்லப் பிள்ளை" என்றார் செல்லத்தம்பி. ஆனால் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அவள் வராத நாலு நாளும் படம் வராத நாலு நாளும் ஒரே நாட்கள். பதிவேட்டை மூடினார். திரும்பத் திறந்தார். பிறகு புதிதாக ஒரு கொப்பி வாங்கி, மேலே 'நோக்கம்' என்று எழுதினார்.

பரிசோதனைகள் இரண்டு கிழமை நடந்தன. கைருன்னிஸாவை வீட்டில் நிற்கச் சொல்லி, அவளுடைய கதிரையில் இமக்குலேற்றை இருத்தினார்கள். படம் இல்லை. கைருன்னிஸாவின் கைப்பையைக் கதிரையில் வைத்துப் பார்த்தார்கள். இல்லை. ஒன்பதரைக்கு அவளை வீட்டிலிருந்து தொலைபேசியில் பேசச் சொல்லி, கைபேசியைக் கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்தார்கள்.

"நான் என்னத்தக் கதைக்க?" என்று கேட்டது கைபேசி.

"எதையாவது கதை தங்கச்சி. இயல்பாக் கதை."

"இண்டைக்கு எங்கட ஊட்ட சூரமீன் ஆணம்" என்றாள் அவள், பெட்டியிடம். பெட்டி அசையவில்லை.

இத்தனையிலும் ஒருவரும் அவளுடைய கணினியைத் தட்டிப் பார்க்கவில்லை. காரணம், ஒருவர் கணினியை இன்னொருவர் தொடக்கூடாது என்று செல்லத்தம்பியே முன்பு ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். கைருன்னிஸாதான் அதை அடித்து ஒட்டியவள்.

பிறகு அவளை வரச்சொல்லி, ஒன்பது மணிக்கு வேலை தொடங்க விட்டு, ஒன்பது இருபத்தெட்டுக்கு எழுப்பிப் படலைக்கு வெளியே கொண்டுபோய் வெயிலில் நிறுத்தினார்கள். படம் வந்தது. செல்லத்தம்பி கொப்பியில் எழுதினார்: 'முடிவு: இவர் இருப்பது அவசியமில்லை, வருவது அவசியம்.' அதை வாசித்துப் பார்த்து அவருக்கே கொஞ்சம் தலை சுற்றியது.

கைருன்னிஸாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அவ்வளவு வெட்கமாக இருக்கவில்லை. காலையில் அவள் படலைக்குள் காலெடுத்து வைக்கும்போது கந்தோர் முழுக்க மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. தேத்தண்ணி முதல் கோப்பை அவளுக்கு வந்தது. யன்னலோரம் மேசை வந்தது. மேசையோடு ஒரு மின்விசிறியும் வந்தது. விசிறியையும் கணினியையும் சுவரில் இருந்த ஒரே சுவிச்சில்தான் பூட்டினார்கள், அந்தப் பக்கம் வேறு துளை இருக்கவில்லை. ஒருநாள் அவள் சுணங்கிவிட்டாள். வாசலில் படம் பார்க்க நின்ற மருதமுனை ஆட்கள் நாலு பேர் அவளைக் கண்டதும் வழிவிட்டு, "வாங்க ராத்தா, வாங்க, உங்களுக்காகத்தான் நிக்கம்" என்றார்கள். உங்களுக்காகத்தான் நிக்கம். அன்று மாலை வீட்டுக்குப் போய் அந்த வசனத்தை மூன்று தரம் மீராமுகைதீனுக்குச் சொல்லிக் காட்டினாள்.

லீவுதான் இல்லாமல் போனது. ஒரு நாள் கேட்டாலும் செல்லத்தம்பி கொப்பியைத் தூக்கிக் காட்டுவார். "முழுக் கரையோரமும் உன்னை நம்பி இருக்கு தங்கச்சி."

அவளுக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. குளிர் என்றால் என்னவென்று பார்க்க வேண்டும். நுவரெலியாவில் வாயைத் திறந்தால் புகை வருமாம். பிறந்ததிலிருந்து வெயிலிலேயே வெந்த உடம்பு, ஒரு தடவை பல் கிட்டிப்பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்கு ஒரு கிழமையாவது வேண்டும்.

அடுத்த வருசம் ஆடி மாதம், கச்சான் காற்று நெருப்பாக வீசிய ஒரு நாள், கைருன்னிஸாவுக்குக் கடுமையான பல்வலி. ஆஸ்பத்திரியில் வரிசையில் இருக்கிறாள். கந்தோரில் ஒன்பது மணி. செல்லத்தம்பி ஆள் அனுப்பி, அவள் இல்லாவிட்டால் அவள் புருஷனையாவது கொண்டுவாருங்கள் என்றார். மீராமுகைதீன் வந்தார். கதிரையில் இருத்தினார்கள்.

"நான் என்ன செய்யோணும் சேர்?"

"ஒண்டும் செய்யாதீங்க. இருங்க."

அது மீராமுகைதீனுக்கு இயல்பாகவே வரும். இருந்தார். வேர்த்து ஒழுகியது. சுவரில் சுவிச்சைக் கண்டார், போட்டார். விசிறி சுழன்றது. 'யா அல்லாஹ்' என்று கண்ணை மூடிக்கொண்டார். மேசைக்குக் கீழே கைருன்னிஸாவின் கணினி, மின்வெட்டுக்குப் பிறகு தானாக எழும்பட்டும் என்று கிளெய்டன் செய்து வைத்தபடி, தானாக எழும்பியது. அதன் திரை அணைந்தே இருந்தது, இரைச்சல் விசிறியின் இரைச்சலில் மறைந்தது. ஒன்பதரைக்குப் படம் வந்தது.

"குடும்பத்துக்கே ராசி சேர்!" என்று கத்தினாள் இமக்குலேற்.

செல்லத்தம்பி கொப்பியைத் திறந்து எழுதினார்: 'முடிவு: திருமணத்தின் வாயிலாகக் கடத்தப்படுகிறது.'

அன்றிலிருந்து மீராமுகைதீன் மாற்றாள் ஆனார். கைருன்னிஸாவுக்கு ஏலாத நாட்களில் அவர் வருவார். அதற்கென்று நீளக்கைச் சேட்டு ஒன்று தைப்பித்தார். சேட்டுப் பையில் இரண்டு பேனை. ஓட்டோவில் ஏறுகிறவர்களிடம், "நான் கந்தோர்ல ஒரு பொறுப்புல இரிக்கன்" என்று ஆரம்பிப்பார். என்ன பொறுப்பு என்று கேட்டால் உடனே, "இறங்கிற இடம் வந்திட்டு" என்பார்.

சண்டைக் காலம். வீதியில் சோதனைச் சாவடிகள். ஒருநாள் ஒரு சிப்பாய் ஓட்டோவை மறித்து, வரிசையில் நிற்காமல் முன்னுக்கு வந்த காரணத்தை அரைத் தமிழில் கேட்டான்.

"அவசர வேல சேர். ஒம்பதரைக்கு முதல் போகோணும்."

"மொன வெட? என்ன வேல?"

"கதிரைல இரிக்கோணும்."

சிப்பாய் அவரை மேலும் கீழும் பார்த்தான். அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தான். இருக்கையைத் தூக்கிப் பார்த்தான். இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தார்கள். கடைசியில், இப்படியொரு பொய்யை ஒருவரும் யோசித்துச் சொல்லமாட்டார்கள் என்று முடிவு செய்தோ என்னவோ, "யன்ட, யன்ட" என்று போகவிட்டார்கள். ஒன்பது இருபத்தொன்பதுக்கு மீராமுகைதீன் கதிரையில் விழுந்து சுவிச்சைப் போட்டார். வாழ்க்கையில் அவர் வேகமாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

இரண்டாயிரத்து எட்டு மார்கழியில் மாரி கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். ஒரு வியாழக்கிழமை மீராமுகைதீன் நனைந்துகொண்டு போய் ஒழுங்காகக் கதிரையில் இருந்தார். சேட்டுக் கையை இறக்கிப் பொத்தானும் பூட்டினார். படம் வரவில்லை. திரும்ப ஓடவிட்டும் வரவில்லை. செல்லத்தம்பி அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பரீட்சையில் கொப்பியடித்தவனைப் பார்ப்பது போல இருந்தது. "வீட்ட ஏதும் பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார். திருமணத்தின் வாயிலாகக் கடத்தப்படுகிற விசயம் அல்லவா.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தபோதும் மீராமுகைதீனின் முகம் தொங்கியே கிடந்தது.

"நான் ஒண்டும் புதுசாச் செய்யல்ல நிஸா. எப்பவும் போலதான் இருந்தன்."

கைருன்னிஸா சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டாள். "எப்பவும் போலண்டா எப்படி? வந்து முதல்ல என்ன செய்யிற?"

"வந்து கதிரைல இரிப்பன்."

"மறுகா?"

"மறுகா ஃபேனப் போடுவன்."

"நேத்தும் போட்டயா?"

"நேத்து என்னத்துக்கு ஃபேன்? கொட்டுற மழை. நடுங்கிட்டு இருந்தன்."

கைருன்னிஸாவின் கை சோற்றில் நின்றது. "ஃபேன்" என்றாள். பிறகு, "சுவிச்சி" என்றாள். பிறகு மீனின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீராமுகைதீன் தன்னைத்தான் திட்டப்போகிறாள் என்று நினைத்து மீன் தலையை அவளுடைய சோற்றுக் கோப்பைக்கு மாற்றி வைத்தார்.

திங்கட்கிழமை அவள் நேரத்தோடு போனாள். கதிரையில் இருந்தாள், சுவிச்சைப் போடவில்லை. ஒன்பதரைக்கு வெள்ளைத்தாள். கந்தோர் கலங்கியது. அவள் ஒன்றும் தெரியாதவள் போல சுவிச்சைப் போட்டு, கணினி எழும்பும்வரை இருந்து, "இன்னொருக்கா ஓட உடுங்க புள்ள" என்று இமக்குலேற்றிடம் சொன்னாள். படம் வந்தது. செவ்வாய்க்கிழமை கணினியை எழுப்பி, விசிறி வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். வந்தது. அப்போ விசிறி இல்லை, கணினி. புதன்கிழமை கணினியில் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தாள். மூன்று வருசமாகக் கீழ்மூலையில் கிடந்த அந்தக் குறுக்குக் கோட்டை மூடியதும், பின்னறையில் இமக்குலேற்றின் குரல் எழும்பியது: "ஐயோ, திரும்ப வெள்ளை!"

தன் ராசி ஒரு சின்னக் குறுக்குக் கோடு என்று கைருன்னிஸாவுக்கு அன்று விளங்கியது.

யாருக்கும் சொல்லவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல வேண்டாம். முப்பத்தேழு வருசம் பஸ்சுக்குப் பின்னால் ஓடிய ஒருத்தி, மூன்று வருசம் தன் பின்னால் பஸ் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். உடனே இறங்கிவிடு என்றால் எப்படி? சொன்னால் நுவரெலியா போகலாம். ஆனால் 'உங்களுக்காகத்தான் நிக்கம்' போய்விடும். அவள் தராசில் போட்டுப் பார்த்தாள். ஒருநாள் குளிர் கனத்தது, ஒருநாள் மருதமுனை ஆட்கள் கனத்தார்கள். மாதங்கள் போயின.

அவளை முடிவெடுக்க வைத்தது ஒரு கடிதம். செல்லத்தம்பி சொல்லச் சொல்ல அவளே அடித்த கடிதம். 'இவ்வலுவலகத்தின் தினசரி வரைபடத்துக்குக் கே. நிஸா இன்றியமையாதது எனப் பரிசோதனை வாயிலாக நிறுவப்பட்டுள்ளது. மழைக்காலத்தில் மாற்றீடு செயலிழப்பதால், மேற்படி கே. நிஸாவைக் கந்தோர் வளவிலேயே நிரந்தரமாக வைத்திருக்க ஆவன செய்யுமாறு தயவுடன் வேண்டுகிறேன்.' அடித்துக்கொண்டே வந்தவள், "சேர், 'இன்றியமையாதவர்' எண்டு வரோணும்" என்றாள். "கொழும்புக்குப் போறது, சுருக்கமா இருக்கட்டும்" என்றார் அவர்.

இரண்டு கிழமையில் பதில் வந்தது. வருகிற கடிதம் எல்லாவற்றையும் அவள்தானே திறப்பவள், இதையும் திறந்தாள். தலைமை அலுவலகக் களஞ்சியப் பிரிவிலிருந்து. 'மேற்படி உபகரணத்துக்குச் சொத்து இலக்கம் வழங்கப்பட்டுள்ளது. இணைக்கப்பட்ட இலச்சினையைத் தெளிவாகத் தெரியும் இடத்தில் ஒட்டுக. பழுதடையின் பழைய பாகத்தைத் திருப்பி அனுப்புக.' உள்ளே வெள்ளிநிறத்தில் ஓர் ஒட்டுத்தாள். அதில் 'கே. நிஸா' என்று அச்சிட்டு, கீழே இலக்கம்.

செல்லத்தம்பி அதை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நின்றார். கொழும்பிலிருந்து வந்த உத்தரவை மீறிப் பழக்கமில்லாத மனிதர்.

"கதிரையில ஒட்டுவமா தங்கச்சி?"

"சேர், கதிரைல ஒட்டினாலும் அதுல இரிக்கிறது நான்தானே!"

"சட்டைப் பின்னால ஒட்டினா? சின்னத்தானே?"

கைருன்னிஸா ஒட்டுத்தாளை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினாள். "எனக்குக் கிளெய்டன்ட நம்பர் வேணும்" என்றாள்.

கிளெய்டன் டோஹாவிலிருந்து பேசினான். அவள் குறுக்குக் கோட்டைப் பற்றிச் சொன்னாள். 

"மாதாவே!" என்றான் கிளெய்டன். "நான் அதை மாத்தவே இல்லையா?"

"இல்ல மனே. மூணு வருசமா என்னயும் என்ட மனிசனயும் கதிரைல இருத்தி வெச்சிரிக்காங்க."

பிறகு அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். தன் கணினியிலிருந்தே பெட்டிக்குள் போய், படம் கீறும் நிரலை எழுப்புகிற கோப்பைத் திறக்க வேண்டும். திறந்தாள். அந்தக் கோப்பைத் திருத்தும் கருவி மகா பொல்லாதது. எழுதினால் அழிந்தது, அழித்தால் எழுதியது, வெளியே வரவும் விடவில்லை. மூவாயிரம் கடிதம் அடித்த விரல்கள் முக்கால் மணித்தியாலம் அதற்குள் அகப்பட்டு நின்றன. கடைசியில் 'ஜாவா' என்று தொடங்கும் வரியைக் கண்டுபிடித்தாள்.

"அதில நடுவில எழுதுங்க அக்கா: ஹெட்லெஸ் சமன் ட்ரூ."

"ஹெட்லெஸ் எண்டா தலையில்லாததா? ஆருக்குத் தலையில்ல?"

"பெட்டிக்கு அக்கா. 'உனக்குத் திரை இல்ல, தேடாத, இருக்கிற இடத்தில இருந்து மனசுக்குள்ளயே கீறு' எண்டு சொல்லுறம். அவ்வளவுதான்."

"இந்த ஒரு சொல்லுக்கா மூணு வருசம்?"

"ஓம் அக்கா" என்றான் கிளெய்டன் மிகவும் சின்னக் குரலில்.

அடுத்த நாள் கைருன்னிஸா தன் கணினியை எழுப்பவே இல்லை. ஒன்பதரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். படம் வந்தது! கோடுகள் எல்லாம் சரி. ஆனால் ஊர்ப் பெயர்கள் இருந்த இடத்தில் வெறும் சதுரப் பெட்டி பெட்டியாக இருந்தது. இத்தனை காலமும் எழுத்துருவையும் அவளுடைய கணினியிடமிருந்தே கடன் வாங்கியிருக்கிறது அந்தக் கறுப்புப் பெட்டி. தன்னிடம் ஒரு தமிழ் எழுத்தும் இல்லாமல், ஓர் எழுத்துக்கும் ஒரு குறிக்கும் ஒவ்வொரு பெட்டியாகப் போட்டு வைத்திருந்தது.

வாசலில் சனம் கூடியது. "இதுல மருதமுனை எது?" என்றார் ஒருவர்.

இமக்குலேற் எண்ணிப் பார்த்து, "எட்டுப் பெட்டி" என்றாள்.

"எட்டுப் பெட்டியில ரெண்டு கிடக்கே!"

ஒன்று மருதமுனை, மற்றது காரைதீவு. ஒரு கோடு நன்றாக இறங்கியிருந்தது, மற்றது ஏறிக்கிடந்தது. இறங்கிய கோடு தங்களுடையது என்று மருதமுனை ஆட்கள் சொன்னார்கள். செல்லத்தம்பி வெளியே வந்து, தான் பொறுப்பதிகாரி என்பதை மறந்து, "அது காரைதீவு!" என்று கத்தினார். கிணற்று நீரைக் கொண்டுவந்து குடித்துக் காட்டும் கட்டம் வரை விசயம் போனது. கைருன்னிஸா உள்ளே ஓடி, மறுபடி டோஹாவைக் கூப்பிட்டு, தன் கணினியை எழுப்பி அதில் கிடந்த தமிழ் எழுத்துருக் கோப்பைப் பிரதி எடுத்து, கறுப்புப் பெட்டிக்குள் எழுத்துருக்கள் வைக்கும் இடத்தில் போட்டு, நிரலைத் திரும்ப ஓடவிட்டாள். ஊர்கள் எல்லாம் பெயரோடு வந்தன. இறங்கிய கோடு மருதமுனைதான். செல்லத்தம்பி வேலை இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

அன்று பின்னேரம் அவள் அவருக்கு முன்னால் நின்று முழுவதையும் சொன்னாள். குறுக்குக் கோடு, சுவிச்சு, விசிறி, தலையில்லாத பெட்டி, எல்லாம். அவர் கொப்பியைப் புரட்டினார். முப்பத்திரண்டு பரிசோதனைகள்.

"நீ சொல்றது ஒரு கருதுகோள்" என்றார் கடைசியில். "ஒரு கிழமை லீவு தாறன். பாப்பம்."

அந்த வைகாசியில்தான் சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. ஊரில் சிலர் வெடி கொளுத்தினார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆனியில் வீதிச் சாவடிகள் பல சும்மா கிடந்தன. கைருன்னிஸாவும் மீராமுகைதீனும் இன்னும் இரண்டு குடும்பங்களோடு வான் பிடித்து நுவரெலியா போனார்கள். நான்கு நாளும் அங்கே மழையும் பனிப்புகாரும். வாவி தெரியவில்லை, மலை தெரியவில்லை, சில நேரம் வானே தெரியவில்லை. ஆனால் கைருன்னிஸா வாயைத் திறந்தாள், புகை வந்தது. திரும்பத் திறந்தாள். திரும்ப வந்தது. "இஞ்சேருங்க, பாருங்க, பாருங்க" என்று புருஷனின் முகத்தில் ஊதினாள்.

மீராமுகைதீன் பார்க்கவில்லை. இரண்டு சாரமும் ஒரு கம்பளியும் போர்த்திக்கொண்டு, கைக்கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தார்.

"ஒம்பதரை" என்றார்.

அவளும் கைபேசியை எடுத்தாள். கந்தோரில் இமக்குலேற் பேசினாள்.

"படம் வந்ததா புள்ள?"

"வந்திட்டு அக்கா! நேத்தும் வந்தது. ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்க சந்தோசமா இருந்திட்டு வாங்க."

கைருன்னிஸா கைபேசியை மடியில் வைத்தாள். நல்லதுதான். தான் செய்த வேலை சரியாக நடக்கிறது, அதில் பெருமையும் இருந்தது. அதற்குள் ஒரு சின்ன முள்ளும் இருந்தது.

"வந்திட்டாமா?" என்றார் மீராமுகைதீன்.

"வந்திட்டாம்."

"நாம இல்லாமயா?"

"நாம இல்லாம."

அவர் கம்பளியை இழுத்துப் போர்த்தினார். "அந்த நீளக்கைச் சேட்ட இனி என்ன செய்ய?" என்றார். அவருடைய வாயிலிருந்தும் புகை வந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

திரும்பி வந்த திங்கட்கிழமை அவள் கந்தோருக்குப் போனாள். வாசலில் நின்றவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் பார்க்கவில்லை. அவள் அவர்களை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டியிருந்தது. இமக்குலேற் மட்டும் ஓடிவந்து, பெட்டி சத்தம் போடுகிறது, கொஞ்சம் வந்து பாருங்கள் அக்கா என்று பின்னறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதைச் சரிசெய்து முடித்ததும், கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில், "அங்க யுனிக்ஸ் தெரிஞ்ச ஆள் ஒராள் இருக்கிறாராமே, அவரிட்டக் குடுங்க" என்றார். இமக்குலேற் கைபேசியைக் கைருன்னிஸாவிடம் நீட்டினாள்.

பேசி முடித்து வெளியே வந்தபோது செல்லத்தம்பி அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் கொப்பியோடு நின்றார். ஏழு நாளின் படங்களையும் வரிசையாக ஒட்டி வைத்திருந்தார்.

"எல்லா நாளும் வந்தது தங்கச்சி. நீ சொன்னது சரி. நான் ஒப்புக்கொள்ளுறன்."

"நல்லது சேர்."

அவர் குனிந்து படங்களை வெளிச்சத்துக்குப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆனா" என்றார் மெல்ல, யாருக்கும் கேட்காதபடி, "நிறம் கொஞ்சம் மங்கல்."